உலகம்மாள் உட்காராத முக்காலி

“சாமி, எம் பொண்டாட்டி உக்கார மாட்டேங்கா.”

வந்து நின்றதும் தளவாய் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கும்பிடுகூட அப்புறம்தான் வந்தது.

கண்டக்டர் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எதுல?”

“எதுலயும்.”

சாமி ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

“இரும் வே” என்றார்.

தளவாய் தரையில் உட்கார்ந்தார்.

கண்டக்டர் சாமி என்றதும் பெரிய மடம், வெள்ளிப் பல்லக்கு என்று நினைத்துவிட வேண்டாம். பாபநாசம் மலைக்குக் கீழே ஆற்றங்கரையில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. வாசலில் கீரைப் பாத்தி. அவ்வளவுதான் மடம். சாமிக்கு வீட்டில் வைத்த பெயர் ஆவுடையப்பன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கிச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டவர், அப்புறம் அதை எடுக்கவே இல்லை. காவியும் கட்டவில்லை. யாராவது வந்து ஏதாவது கேட்பார்கள். சில்லறை கொடுப்பதுபோல எண்ணி எண்ணிப் பதில் கொடுப்பார்.

தளவாயும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒரே வாத்தியாரிடம் ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள். இன்றைக்கு ஒருவர் சாமி, ஒருவர் சீடர். அது எப்படி ஆயிற்று என்று இருவருக்குமே சரியாகத் தெரியாது. ஆனால் ஆகிவிட்டது.

“உலகம்மாளுக்கு என்ன?” என்றார் சாமி.

“கால்ல நரம்புச் சுருட்டு. டாக்டர் தெளிவாச் சொல்லிட்டாரு. நின்னுக்கிட்டே இருந்தா புண்ணாயிருமாம். புண்ணாச்சுன்னா லேசுல ஆறாதாம். உக்காரணும், காலத் தூக்கி வைக்கணும்னு சொல்லுதாரு.”

“சரி.”

“நானும் ஸ்டூலா வாங்கிப் போடுதேன். ஒண்ணுலயும் நிலைச்சு உக்கார மாட்டேங்கா. அவ தூங்கும்போது காலப் பாக்கேன் சாமி. நீல நீலமா புடைச்சுக் கெடக்கு. பயமா இருக்கு.”

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. பயம் உண்மையான பயம். உலகம்மாள் இல்லாத வீட்டைத் தளவாய் நினைத்துப் பார்த்ததே இல்லை. சமீபமாக நினைத்துப் பார்க்கிறார்.

சாமி கீரையை ஒதுக்கி வைத்தார்.

“என்னென்ன வாங்கினீரு?”

இந்தக் கேள்விக்காகத்தானே தளவாய் காத்திருந்தார்.

தளவாய் மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவர். அந்தக் காலத்தில் மீட்டரை நிலைப்படிக்கு மேலே, எட்டாத உயரத்தில் மாட்டி வைத்திருப்பார்கள். ரீடிங் எடுக்கப் போனால் வீட்டுக்காரர்கள் உள்ளேயிருந்து எதையாவது இழுத்து வந்து போடுவார்கள், ஏறிப் பாருங்க என்று. அப்படி ஏறி ஏறியே சுற்று வட்டாரத்து ஸ்டூல், முக்காலி, பெஞ்சு எல்லாம் அவருக்குப் பாதத்தில் பழக்கம். எந்த வீட்டு முக்காலி ஆடும், எது கிரீச் என்று கத்தும், எது யானையைத் தாங்கும் என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

அதனால் வாங்குவதென்றால் பழசுதான் வாங்குவார். பிளாஸ்டிக் நாற்காலியை அவருக்குக் கண்டாலே ஆகாது.

“அது கல்யாண மண்டபத்துச் சாமான், சாமி. நம்ம வீட்டுக்குன்னு ஒண்ணு வேண்டாமா? அவ இவ்வளவு நாள் நின்னவ. உக்காருறதும் நல்லதா இருக்கட்டுமே.”

முதலில் வாங்கியது பழைய தபாலாபீஸ் ஸ்டூல். கெட்டித் தேக்கு. யாரோ ஒரு குமாஸ்தா உட்கார்ந்து உட்கார்ந்து பலகை நடுவில் குழிந்து, கண்ணாடிபோல வழுவழுப்பாகி இருந்தது. உலகம்மாள் உட்கார்ந்தாள், எழுந்தாள். உயரம் கூடுதலாக்கும் என்று முடிவு கட்டினார் தளவாய். இப்போது அதன்மேல் மிக்ஸி இருக்கிறது.

அடுத்து ஒரு பத்தர் நகைவேலை செய்த குட்டை மணை. ஈட்டி மரம், கறுகறுவென்று. அது ரொம்பத் தணிவு போல. தண்ணீர்க் குடம் அதில் ஏறிக்கொண்டது.

மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர் உட்கார்ந்த சுழல் ஸ்டூல் ஒன்று வந்தது. உலகம்மாள் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அதை வைத்துக்கொண்டார். அதில் துளசிச் செடி நிற்கிறது. வெயில் திரும்பத் திரும்பச் செடியையும் திருப்பிக்கொள்ளலாம்.

இப்படியாக வீட்டில் சாமான்கள் எல்லாம் சொகுசாக உட்கார்ந்தன. உலகம்மாள்தான் நின்றுகொண்டிருந்தாள்.

எல்லாம் சொல்லி முடித்து, தளவாய் கேட்டார்:

“எதுல சாமி நான் கோட்ட விட்டேன்? மரத்துலயா? உயரத்துலயா?”

“வாங்கும்போது எப்படிப் பாத்து வாங்குவீரு?”

“ஏறி நின்னுதான்.”

சாமி முதல் முறையாகச் சிரித்தார்.

“சிரிக்காதீங்க சாமி. பழைய மரத்த வேற எப்படிப் பாக்க? கையால தட்டினா பேசாம இருக்கும். ஏறி நின்னாத்தான் வாயத் தொறக்கும்.”

சாமி எழுந்து போய்க் கீரையைக் கழுவினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“ஒரு கேள்வி கேக்கேன். பஸ்ல எப்பவும் காலியாவே கெடக்குற சீட்டு எது?”

தளவாய் யோசித்தார். கடைசி சீட்டு? அதில் கல்லூரிப் பையன்கள் இருப்பார்கள். டயருக்கு மேலே உள்ள சீட்டு? கூட்டத்தில் அதற்கும் அடிதடி.

“தெரியலயே.”

“கண்டக்டர் சீட்டு.”

“அட, ஆமா.”

“ஏன் காலியாக் கெடக்கு?”

தளவாய் வாயைத் திறந்தார்.

“இப்பச் சொல்லாதேயும். போயிட்டு யோசிச்சுட்டு வாரும்.”

தளவாய் யோசித்தார். பஸ்ஸில் போகும்போதே கண்டக்டர் சீட்டை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு போனார். கண்டக்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“என்ன அண்ணாச்சி, சீட்டு வேணுமா? இருங்க, நான் எங்க உக்காரப் போறேன்?”

“வேண்டாம் தம்பி. பாத்தேன், அவ்வளவுதான்.”

பார்த்ததில் அவருக்கு ஒன்று பிடிபட்டது. அந்தச் சீட்டு வாசலை ஒட்டி இருந்தது. நல்ல காற்று. ஜன்னலும் பக்கத்தில். ஆனால் மெத்தை கிழிந்து, பஞ்சு வெளியே வந்து கிடந்தது. உட்கார ஆள் இல்லாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. இடம் நல்ல இடம், இருக்கை மோசம். ஆக, நல்ல இருக்கையை நல்ல இடத்தில் போட்டால் தீர்ந்தது காரியம். சாமி இதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறார்.

சாமியை நினைத்து அவருக்குப் பெருமையாக இருந்தது.

இந்த முறை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வது என்று தளவாய் தீர்மானித்தார். மறுநாள் காலை உலகம்மாள் அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு நூல்கண்டோடு போய் அவள் காலடியில் குந்தினார்.

“என்னங்க இது?”

“ஒண்ணுமில்ல. நீ சுடு.”

குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் நூலைப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். வீங்கிய இடத்தில் விரல் பட்டபோது அவள் லேசாகக் காலை இழுத்தாள். அவர் அந்த இடத்தை மெல்லத் தடவிக் கொடுத்தார்.

“பாவாடை கீவாடை தைக்கப் போறீங்களா?” என்றாள்.

“முக்காலி வாங்கப் போறேன்.”

“இன்னொண்ணா?” கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். “மேல வைக்க வீட்டுல சாமான் இல்லங்க.”

“இது ஒனக்கு.”

“எல்லாமே எனக்குத்தான் வாங்குனீங்க” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டு, அவருக்குப் பிடித்த மாதிரி ஓரத்தில் இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள்.

அம்பாசமுத்திரத்தில் மைதீன் பிச்சையின் பழைய மரச்சாமான் கடை. தளவாய் போனால் மைதீன் பிச்சை எழுந்து வந்து வரவேற்பார். வியாபாரத்தைவிட வேடிக்கை கூடுதல்.

“வாங்க அண்ணாச்சி. இன்னைக்கு எதுல ஏறப் போறீங்க?”

தளவாய் கடையின் பின்பக்கம் போய், ஒவ்வொன்றாகத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். பழசு பார்க்கிறவன் மேலே பார்க்கக் கூடாது, கீழே பார்க்கணும் என்பது அவர் கட்சி. மேலே மெருகு போட்டுவிடலாம். அடிப்பக்கம் பொய் சொல்லாது. கால் சேருகிற இடத்தில் மர ஆணியா, இரும்பு ஆணியா? பூச்சி அரித்த துளையில் மெழுகு வைத்து அடைத்திருக்கிறதா? முன் கால் அதிகம் தேய்ந்ததா, பின் காலா? முன் கால் தேய்ந்தால் குனிந்து வேலை பார்த்தவன் உட்கார்ந்தது. பின் கால் தேய்ந்தால் சாய்ந்து கதை பேசியவன் உட்கார்ந்தது.

ஒரு மூலையில் அது இருந்தது.

பலாமரத்து முக்காலி. மஞ்சளெல்லாம் போய்த் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. மூன்று காலும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தன.

“இது ஆரு வீட்டுச் சாமான் பிச்சை?”

“கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அப்பளம் போட்டு விக்குற ஒரு வீட்டு அம்மா வச்சிருந்ததாம். பேத்தி டவுனுக்குக் குடிபோகும்போது தந்துட்டுப் போனா.”

தளவாய் நூலை எடுத்து முடிச்சு வரை வைத்துப் பார்த்தார். இம்மி பிசகவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். முக்காலி மூச்சுக்கூட விடவில்லை.

“ஆடல” என்றார் மேலேயிருந்து.

“முக்காலி எங்கயும் ஆடாது அண்ணாச்சி. நாலு கால் உள்ளதுக்குத்தான் தரை சரியா இருக்கணும். மூணு கால் எந்தத் தரைக்கும் அனுசரிச்சுப் போகும்.” மைதீன் பிச்சை தாடியைத் தடவினார். “ஒருக்கா உக்காந்துதான் பாருங்களேன்.”

“உக்காரப் போறது நான் இல்லய்யா.”

“அப்ப உக்காருறவங்களக் கூட்டிட்டு வந்து காட்டுங்க.”

“அவளுக்கு ஏதுய்யா நேரம்?”

முக்காலியை அடுப்படியில், பின்வாசலை ஒட்டி, ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டார். முருங்கைமரத்துக் காற்று நேராக அங்கேதான் வரும். ஈரத்துணியால் துடைத்தார். நடுவிரலால் ஒருமுறை தட்டினார்.

“வா, இரு.”

உலகம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. முதுகு தானாகவே சுவரில் சாய்ந்தது. காற்று வந்து நெற்றி முடியைக் கலைத்தது. கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள்.

தளவாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்திருந்தவளை அவர் சரியாகப் பார்க்கவில்லை, வெட்கம். அதற்கு அப்புறம் இன்றைக்குத்தான் இவளை உட்கார வைத்துப் பார்க்கிறோமோ என்று தோன்றியது.

“எப்படி இருக்கு?”

“ரொம்ப நல்லாருக்குங்க.”

“நெசமா?”

“நெசமாத்தான்.”

தளவாய்க்குத் தலைகால் புரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். அவிழ்த்தார். மறுபடி மடித்துக் கட்டினார்.

“இந்தச் சந்தோசத்துக்கு ஒரு காப்பி போடேன்” என்றார்.

உலகம்மாள் எழுந்தாள்.

அதற்கப்புறமும் அவள் உட்காராமல் இல்லை. உட்கார்ந்தாள். அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். வாசலில் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கே, யாரென்று பாரேன் என்றார், பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு அப்பளம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் சும்மா சொன்னார். சும்மாதான் சொன்னார். பொரித்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் தளவாய் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தபோது, பலா முக்காலியின்மேல் தோசை மாவுப் பாத்திரம் இருந்தது. உலகம்மாள் நின்று உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

தளவாய்க்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

“உயரம் சரியில்லயா?”

“சரியாத்தான் இருக்குங்க.”

“ஆடுதா?”

“ஆடல.”

“எங்கயும் குத்துதா?”

“குத்தல.”

“பின்ன என்னளா?”

உலகம்மாள் உளுந்துக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அவரைச் சந்தோஷப்படுத்த ஆசைதான். நூலெல்லாம் பிடித்து அளந்த மனுஷன்.

“எனக்குச் சொல்லத் தெரியல. முக்காலி நல்ல முக்காலி. ஆனா உக்காந்த மாதிரியே இல்லங்க.”

மறுநாள் முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு தளவாய் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார்.

சாமி உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முக்காலியைப் பார்த்தார். தளவாய் முகத்தைப் பார்த்தார்.

“கேள்விக்குப் பதில் கொண்டாந்தீரா?”

“கொண்டாந்தேன் சாமி. கண்டக்டர் சீட்டுல மெத்த சரியில்ல. அதான் காலியாக் கெடக்கு.”

“ஓகோ.”

“ஆனா இந்த முக்காலில ஒரு குறையும் இல்லயே. அதான் புரியல. நீங்களே பாருங்க.”

“நான் தரைல இருந்து பழகிட்டேன். நீரு இரும் அதுல.”

“உங்க முன்னாலயா?”

“இரும் வே. பஸ்ல வரும்போது எங்க இருந்தீரு?”

“பஸ்ல கூட்டம். நின்னுக்கிட்டேதான் வந்தேன்.”

“அப்ப காலு வலிக்கும். இரும்.”

தளவாய் கூச்சத்தோடு முக்காலியைப் போட்டார். பழக்கதோஷத்தில் ஏறி நிற்க ஒரு காலைத் தூக்கியவர், சட்டென்று இறக்கி, திரும்பி, மெல்ல உட்கார்ந்தார்.

“ஆகா” என்றார். “அருமையான முக்காலி சாமி. பாருங்க, பலாமரம். இது எப்படின்னா...”

“ஒரு வாய் தண்ணி எடுத்தாரும்.”

எழுந்தார். மூலையில் பானை இருந்தது. செம்பில் எடுத்து வந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

“இது எப்படின்னா, வயசாக வயசாக நெறம்...”

“வெயில் மூஞ்சில அடிக்கு. அந்தக் கதவக் கொஞ்சம் சாத்தும்.”

எழுந்தார். சாத்தினார். உட்கார்ந்தார்.

“எங்க விட்டேன்? நெறம். நெறம் தேன் மாதிரி...”

“விசிறி அந்தா கெடக்கு பாரும்.”

விசிறி வந்தது.

“சொல்லும். தேன் மாதிரி?”

“தேன் மாதிரி ஆகும். அடிப்பக்கத்தப் பாத்தா...”

“கீரைல ஆடு விழுந்துட்டு போல. சத்தம் கேக்கு.”

தளவாய் ஓடினார். ஆடும் இல்லை, குட்டியும் இல்லை. ஒரு காக்கை இருந்தது. அதை விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

“ஆடு இல்ல சாமி.”

“இல்லயா? நல்லது. கதவ ஏன் தொறந்து போட்டுட்டீரு?”

தளவாய் எழுந்தார்.

இப்படியே போயிற்று. சாமி கடுமையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் அன்பாகத்தான் கேட்டார். ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். எதற்கும் இல்லை என்று சொல்ல முடியாது. முக்காலியில் உட்கார்ந்தபடியே தளவாயின் காது நிமிர்ந்துகொண்டது. சாமி தொண்டையைக் கனைத்தால் இவருக்குத் தொடை எழும்பத் தயாராயிற்று. இலையை எடுங்கள் என்று எப்போது சொல்வார்களோ என்று பந்தியில் பாதி வயிற்றோடு இருக்கிறவனைப்போல, முக்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

ஒரு கட்டத்தில் சாமி பேச்சை நிறுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை.

தளவாய் அப்போதும் நுனியிலேயே இருந்தார்.

“முக்காலி எப்படி?” என்றார் சாமி.

“நல்ல முக்காலிதான்.”

“உயரம் சரியில்லயோ?”

“சரியாத்தான் இருக்கு.”

“ஆடுதோ?”

“ஆடல.”

“எங்கயும் குத்துதோ?”

“குத்தல சாமி.”

“பின்ன என்ன வே? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“எனக்குச் சொல்லத் தெரியல” என்றார் தளவாய். “முக்காலி நல்ல முக்காலி. ஆனா உக்காந்த மாதிரியே...”

நிறுத்திவிட்டார்.

ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. இவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

தளவாய் எழுந்தார். சாமி எதுவும் கேட்காமலே எழுந்தார். வாசலுக்குப் போனார். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டார். பாதையில் இறங்கி, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார். நடை பாதி ஓட்டமாக இருந்தது.

முக்காலி அறைக்குள்ளேயே கிடந்தது.

சாமி கூப்பிடவில்லை.

உலகம்மாள் நின்று அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெறுங்கையோடு வந்தவரைப் பார்த்தாள்.

“முக்காலி எங்கங்க?”

“சாமிகிட்ட இருக்கு.”

“அவருக்குப் பிடிச்சுப் போச்சாக்கும்.” கத்தியைக் கீழே வைத்தாள். “வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு. தண்ணி தரேன்.”

“வேண்டாம். நீ இரு.”

“எதுல?”

தளவாய் சுற்றும் முற்றும் பார்த்தார்.

மிக்ஸியைத் தூக்கித் தரையில் வைத்தார். தபாலாபீஸ் ஸ்டூலை இழுத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டார். தண்ணீர்க் குடத்தை இறக்கினார். பத்தர் மணையை எடுத்து ஸ்டூலுக்கு முன்னால் வைத்தார்.

“அது உயரம்னு நீங்கதான சொன்னீங்க?”

“இரு.”

உலகம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் ஏறி உட்கார்ந்தாள். யாரோ ஒரு குமாஸ்தா குழித்து வைத்த குழியில் பாந்தமாக அமர்ந்தாள். தளவாய் குந்தி, அவள் காலை ஒவ்வொன்றாக எடுத்து மணைமேல் வைத்தார்.

“என்னங்க ஆச்சு உங்களுக்கு?”

“காப்பி போடப் போறேன்.”

“ஆரு?”

அவர் அடுப்பைப் பற்றவைக்கப் போனார். முதல் தீக்குச்சி அணைந்தது. அடுத்ததில் பற்றிக்கொண்டது. பால் இருந்தது. காப்பித்தூள், கிராம்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் திறந்து முகர்ந்து பார்த்த பிறகு கிடைத்தது. சீனி கிடைக்கவில்லை. மேல் தட்டில் பார்த்தார். கீழ்த் தட்டில் பார்த்தார். ஒரே மாதிரி டப்பாக்கள். எல்லாவற்றிலும் பருப்பு.

“ஏளா, சீனி எங்...”

முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் அசைகிற சத்தம் கேட்டது.

தளவாய் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல. நீ இரு.”

திரும்பிப் பார்க்காமல் நின்றார். ஸ்டூல் மறுபடி அடங்குகிற வரைக்கும் நின்றார்.

காப்பியை ஆற்றி, டம்ளரைத் துண்டால் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். உலகம்மாள் வாங்கி ஒரு வாய் குடித்தாள். விழுங்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள்.

“சீனி போடல.”

“எங்க இருக்குன்னு தெரியல.”

“கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டா நீ எந்திரிப்ப.”

உலகம்மாள் அவரைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிற்று. டம்ளரைத் தூக்கி மறைத்துக்கொண்டாள்.

முருங்கைமரத்துக் காற்று வந்தது. முதுகைச் சுவரில் நன்றாகச் சாய்த்து, அவசரமே இல்லாமல், கசப்போடு கசப்பாகக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். தளவாய் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

குடித்து முடித்து, இருந்த இடத்தில் இருந்தபடியே, காலி டம்ளரை அவரிடம் நீட்டினாள்.